குறுக்கே வந்த ஜரிகை

வண்டி மூன்றாம் முறையாகத் தெருமுனை வரை போய், மூன்றாம் முறையாகத் திரும்பி வந்து வீட்டு வாசலில் நின்றது.

சுப்பராயலு இறங்கினார். யார் முகத்தையும் பார்க்காமல் பூட்டைத் திறந்து உள்ளே போய், தறிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"கமலம், தண்ணி கொண்டா."

கமலம் வண்டியை விட்டு அசையவில்லை. "நீங்களே மொண்டு குடிங்க. குடத்துல மிச்சம் இருந்தா."

கிளம்பும்போது பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்பி, சற்று உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும். ஆரணி நெசவாளர் தெருவில் கலெக்டர் போட்ட சட்டத்தை மீறினவர்கள் உண்டு. இந்தச் சட்டத்தை மீறினவர் இல்லை. சுப்பராயலு பொழுது விடிந்ததிலிருந்து இரண்டு சொம்பு குடித்திருந்தார். இது மூன்றாவது. நடந்தால் வயிற்றுக்குள் தண்ணீர் தளும்பும் சத்தம் அவருக்கே கேட்டது.

இதில் சங்கடம் என்னவென்றால், மூன்று முறையும் குறுக்கே போனது அவருடைய சொந்தப் பூனை.

"நம்ம வூட்டுப் பூனைக்குக் கூடவா சகுனம் பாப்பாங்க?" என்று கமலம் வண்டியிலிருந்தபடியே கேட்டாள். "ஊரான் வூட்டுப் பூனைக்குத்தாங்க அதெல்லாம்."

"அது நம்ம வூட்டுப் பூனைன்னு நமக்குத் தெரியும். சகுனத்துக்குத் தெரியுமா?"

வண்டிக்காரர் தணிகாசலம் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி பெருமூச்சு விட்டார். "அண்ணே, எம்மாட்டுக்குத் தல சுத்துது. மூணு தபா கெளம்பி மூணு தபா திரும்பியாச்சு. படவேடு போயி வந்துட்டோம்னு நெனச்சிகினு, நொகத்தடியை எறக்குடான்னு என்னை மொறைக்குது."

பூனையோ எதிர்வீட்டுச் சுவரடியில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது. சாம்பல் நிற உடம்பு. கழுத்திலிருந்து வால் வரைக்கும் முதுகின்மேல் பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு. பட்டுச்சேலைக்குக் கரை போட்டது போல இருக்கிறதே என்று, குட்டியாக வந்த அன்றே சுப்பராயலு அதற்கு ஜரிகை என்று பெயர் வைத்துவிட்டார்.

அது வந்த கதைக்கும் இந்தப் பயணத்துக்கும் சம்பந்தம் உண்டு. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியின் வாசனைக்கு எலி வரும். சில வருஷங்களுக்கு முன்னால் சுப்பராயலு வீட்டுக்கு எலி வந்ததாகச் சொல்ல முடியாது, குடியேறிவிட்டது. ஒரு கல்யாணச் சேலையின் பாவை முழுக்கக் கடித்துத் துண்டாக்கியது. பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி வீரபாகு, "இன்னொரு தபா இப்படி ஆச்சுன்னா உனக்குத் தறி இல்ல" என்று வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். அன்றைக்குக் கமலம் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து, படவேட்டு அம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ரேணுகாம்பா தாயே! எங்க தறியைக் காப்பாத்திக் குடு. காப்பாத்தறவங்களை ஆடி வெள்ளிக்கு உன் வாசலுக்கே இட்டுகினு வந்து நிறுத்திப் பொங்கல் வெக்கிறேன்."

மறுநாள் காலை ஓட்டுச் சந்து வழியாகக் குட்டிப் பூனை ஒன்று தறிக்குழிக்குள் விழுந்தது. அதற்கப்புறம் அந்த வீட்டில் எலிவால் கூடக் கிடையாது. தறி தப்பித்தது. ஆனால் வேண்டுதல் மட்டும் நின்றுபோயிற்று. ஒரு ஆடிக்கு முதலாளி விடவில்லை. அடுத்த ஆடிக்கு ஆற்றில் வெள்ளம். போன ஆடிக்குச் சுப்பராயலுவுக்குக் கழுத்துப் பிடிப்பு. இந்த வருஷம் போன வாரம் ஒரு எலி தைரியமாக உறி வரைக்கும் ஏறி வந்து கமலத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"அம்மன் ஞாபகப்படுத்தறா" என்று கமலம் சொல்லிவிட்டாள். "இந்த ஆடி வெள்ளியும் போச்சுன்னா, அவ குடுத்ததை அவளே எடுத்துப்பா. அப்புறம் தறியும் இல்ல, சோறும் இல்ல."

அதற்காகத்தான் நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுத்தெடுத்து, நேற்றே முதலாளியிடம் ஒப்படைத்து, இன்று வியாழக்கிழமை காலை வண்டி கட்டியது. நாளை வெள்ளி. இன்றைக்கு ஆற்றைத் தாண்டினால்தான் நாளைக்குப் பொங்கல்.

"அதை யார்கிட்டயாவது குடுத்துட்டு வாங்க" என்றாள் கமலம். "ஜல்தி."

பக்கத்து வீடு மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் வீடு. வாத்தியார் பள்ளிக்கூடம் போயிருந்தார். அவர் மனைவி ஜெபராணி முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாத்தியாரம்மா, இதைக் கொஞ்சம் வெச்சிகினு பாத்துக்கணும். உங்களுக்குச் சகுனம் ஒண்ணும்..."

"எங்களுக்கு அதெல்லாம் கெடையாதுங்க அண்ணே" என்று ஜெபராணி பெருமையாகச் சொன்னாள். "எங்களுக்குப் பூனைன்னா பூனை, அவ்ளோதான். குடுங்க."

சுப்பராயலு பூனையைக் கொடுத்தார். ஆனால் கையை எடுக்கவில்லை. "பாலு சூடா வெச்சா குடிக்காது. ஆறிப் போனாலும் குடிக்காது. கருவாட்டுல முள்ளை எடுத்துடணும். முள்ளு இல்லன்னா நம்பாது, அதனால பக்கத்துல ஒரு முள்ளை வெக்கணும். ஞாயித்துக்கெழம நீங்க பாட்டுப் பாடறப்ப இது எதிர்ப்பாட்டுப் பாடும், கோவிச்சிக்காதீங்க."

"அண்ணே, எங்க சாலமோனையே நான் இவ்ளோ பாத்துக்கல" என்றாள் ஜெபராணி. சாலமோன் அவள் கணவர்.

வண்டி நான்காம் முறை கிளம்பியது. பத்து அடி போயிருக்கும். வாத்தியார் வீட்டு ஜன்னலிலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ பாய்ந்தது. வண்டிக்கு முன்னால் வந்தது. தணிகாசலம் கயிற்றை இழுத்தார். குறுக்கே வந்த பூனை ஓடிப்போகாமல், சக்கரத்துப் பக்கத்தில் நின்று சுப்பராயலுவை அண்ணாந்து பார்த்து, நீளமாக ஒரு மியாவ் சொன்னது. சுப்பராயலுவுக்கு அது கேலி செய்வது போலவே பட்டது.

அதைப் பிடிக்க ஜெபராணி ஓடிவந்தாள். பூனை அவளுக்கும் குறுக்கே ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. ஜெபராணி ஒரு நொடி நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். "தொண்டை வறண்டு போச்சு" என்று யாரிடமோ சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மிச்சத் தூரத்தை ஓடினாள்.

சுப்பராயலு நான்காவது சொம்பைக் குடித்து முடித்தபோது ஒரு முடிவுக்கு வந்திருந்தார். மூடியுள்ள பெரிய பிரம்புக் கூடை ஒன்றை எடுத்தார். பழைய சேலைத் துண்டை உள்ளே மெத்தென்று விரித்தார். பூனையை வைத்து மூடி, தறிக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி வாத்தியார் வீட்டு மூலையில் கொண்டுபோய் வைத்தார். இதற்குள் மாடு ஒன்று நடுத்தெருவில் படுத்துவிட்டது. அதன் பொறுமை போனதில் நியாயம் இருக்கிறது.

மாட்டை எழுப்பும் நேரத்தில் சுப்பராயலுவுக்கு மனசு கேட்கவில்லை. தெருவில் நின்றபடியே உரக்கக் கத்தினார்.

"வாத்தியாரம்மா! ஜரிகை கூடைக்குள்ள பத்திரமா கீது! நாங்க ஆத்தைத் தாண்டற வரைக்கும் கட்டை அவுக்காதீங்க! காட்டு காட்டுன்னு யாராவது வந்து நிப்பாங்க, ஒருத்தருக்கும் காட்டாதீங்க! கேட்டா எங்ககிட்ட இல்லன்னு சொல்லிடுங்க!"

தறிகள் கடகடக்கும் தெருவில் கத்தித்தான் பேச வேண்டும். அது அவர் தப்பில்லை. ஆனால் அந்த நேரம் பார்த்து மோர்க்காரி சின்னம்மா தலையில் பானையோடு அந்த வழியாக வந்தாள். அவள் ஆற்றோரத்துக்காரி. சுப்பராயலு வீட்டில் ஒரு பூனை இருப்பதும், அதற்கு ஒரு பெயர் இருப்பதும் அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்த ஜரிகை ஒன்றுதான். சூரத்திலிருந்து வருகிற தங்க ஜரிகை. முதலாளி நிறுத்துக் கொடுத்து, சேலையோடு சேர்த்து நிறுத்து வாங்கிக்கொள்கிற ஜரிகை. அதில் ஒரு இழையை ஒளித்து வைத்தான் என்று பேச்சு வந்தால் போதும், அந்த நெசவாளிக்கு ஆரணியில் ஒரு வாசலிலும் வேலை கிடைக்காது.

சின்னம்மா அன்றைக்கு மோரோடு சேதியையும் சேர்த்தே ஊற்றினாள். முதல் வாசலில் ஒரு கூடை ஜரிகை. அடுத்த தெருவில் இரண்டு கூடை. வீரபாகு முதலாளியின் வீட்டை எட்டியபோது அதைத் தூக்க நான்கு ஆள் தேவைப்பட்டது.

மாடு ஒருவழியாக எழுந்து, வண்டி தெருமுனையைத் தாண்டப் போகும் நேரம். பூனை வரவில்லை. கமலம் கண்ணை மூடிக்கொண்டு அம்மன் பெயரைச் சொன்னாள். கண்ணைத் திறந்தபோது எதிரே வீரபாகு முதலாளி நின்றார், பின்னால் இரண்டு தடியாட்களோடு. தலையில் கரை போட்ட பெரிய தலைப்பாகை. முகம் சிவந்திருந்தது.

"அய்யய்யோ" என்றார் தணிகாசலம். "பூனை வந்தா தண்ணி குடிக்கணும். மொதலாளி வந்தா இன்னா குடிக்கணும்?"

"எறங்குடா சுப்பராயலு!" என்றார் வீரபாகு. "ஜரிகையை எங்க வெச்சிருக்கே?"

சுப்பராயலு நெகிழ்ந்துபோனார். வேலையெல்லாம் விட்டுவிட்டு முதலாளி நம் பூனையை விசாரிக்க வந்திருக்கிறாரே!

"வாத்தியாரு வூட்லதாங்க மொதலாளி. கூடையில போட்டுக் கட்டி வெச்சிருக்கேன்."

"ஒளிக்காம ஒத்துக்கறியே! எத்தினி நாளா நடக்குது இது?"

"மூணு நாலு வருசமா எங்க வூட்லதான் வளருதுங்க."

"வளருதா?" வீரபாகுவின் குரல் கீச்சென்று போயிற்று. "என் ஊட்டு ஜரிகை உன் வூட்ல வளருதா?"

"உங்க ஊட்லேந்தா வந்துச்சு? அதாங்க நானும் நெனச்சிகினே இருந்தேன், எங்கேந்துடா இது வந்துச்சுன்னு. ராத்திரியில ஓட்டு வழியா வந்து விழுந்துச்சுங்க. நாங்க ஒண்ணும் தூக்கியாரல."

"ஓட்டு வழியா!"

"வந்தப்ப இத்துனூண்டுதாங்க. இப்ப பாக்கணுமே, நல்லா கொழுகொழுன்னு கீது. போன வருசம் நாலு குட்டி போட்டுச்சு."

வீரபாகு தடியாட்களைப் பார்த்தார். தடியாட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வட்டிக்கு விட்டிருப்பான் போலிருக்கிறது என்று ஒருவன் முணுமுணுத்தான்.

"குட்டியெல்லாம் எங்கடா?"

"குடுத்துட்டேங்க. பெரணமல்லூருக்கு ஒண்ணு. மிச்சம் இங்கயே கேட்டவங்களுக்கு. உங்களுக்கும் ஒண்ணு வேணும்னு அப்பவே சொல்லியிருந்தா..."

"என்கிட்டயே பங்கு பேசறியா!"

வண்டிக்குள் கமலத்துக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு ஒரே சமயத்தில் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. வேலை போய்விட்டால், தெருவே இப்படிப் பேச ஆரம்பித்தால், எந்தத் தறிக்காக அம்மனிடம் போகிறார்களோ அந்தத் தறியே இருக்காது. அவள் வாயைத் திறப்பதற்குள் வீரபாகு சுப்பராயலுவின் தோளைப் பிடித்து வாத்தியார் வீட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

"வாத்தியாரம்மா!" என்றார் வீரபாகு. "ஜரிகையை எடுங்க."

ஜெபராணி சுப்பராயலுவைப் பார்த்தாள். சொன்ன சொல் சொல்தானே. "எங்ககிட்ட இல்லீங்க" என்றாள் கணீரென்று.

"இருக்குதும்மா" என்றார் சுப்பராயலு. "காட்டுங்க."

"கேட்டா இல்லன்னு சொல்லச் சொன்னீங்களே அண்ணே? உங்களுக்காகத்தான் ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு இப்படிச் சொன்னேன்!"

தெரு, ஓகோ என்றது. அவ்வளவுதான், சுப்பராயலு திருடன் என்று தீர்ப்பாகிவிட்டது. அவருக்கு இன்னும் விஷயம் விளங்கவில்லை. பூனை வளர்த்ததற்கா இத்தனை பேர் கூடுகிறார்கள் என்று திகைத்து நின்றார்.

ஜெபராணி கூடையைத் தூக்கிவந்து வாசலில் வைத்தாள். வீரபாகு, ஊர் பார்க்கட்டும் என்று, தானே குனிந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார்.

"எல்லாரும் பாத்துக்கோங்க! திருட்டு ஜரிகை எப்படி மின்னுதுன்னு பாத்துக்கோங்க!"

மூடியைத் திறந்தார்.

அடைபட்டிருந்த ஜரிகை மேலே கிளம்பியது. எட்டிப் பிடிக்கக் கிடைத்த முதல் பொருள் முதலாளியின் தலைப்பாகை. நான்கு காலாலும் அதைப் பற்றிக்கொண்டு உச்சியில் உட்கார்ந்தது. முதலாளி "ஐயோ, அம்மா, எடுங்கடா" என்று சுற்றினார். அவர் சுற்றச் சுற்றத் தலைப்பாகை அவிழ்ந்தது. பூனை கடைசிச் சுற்று வரைக்கும் இருந்து பார்த்துவிட்டு, துணியோடு சேர்ந்து சுப்பராயலுவின் கைக்குள் விழுந்தது. வழுக்கைத் தலையோடு முதலாளியை அந்தத் தெரு அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"இதாங்க மொதலாளி ஜரிகை" என்றார் சுப்பராயலு. "கும்புடு போடுடி."

தெரு சிரித்த சிரிப்பு ஆரணிக் கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும். தடியாட்களும் சிரித்தார்கள். ஒருவன் கீழே உட்கார்ந்தே விட்டான். வீரபாகு மட்டும் சிரிக்கவில்லை. அவர் தலைப்பாகையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நழுவப் பார்த்தார்.

அப்போதுதான் கமலம் வண்டியிலிருந்து இறங்கினாள். முதலாளியின் முன்னால் நின்று அவள் பேசியதேயில்லை. இன்று பேசினாள்.

"மொதலாளி, கொஞ்சம் நில்லுங்க. நேத்து சேலையோட மிச்ச ஜரிகையையும் நிறுத்துக் குடுத்தாச்சு. உங்க பொருள்ல ஒரு இழை எங்க வூட்ல தங்கினதில்ல. தெருவைக் கூட்டித் திருடன்னீங்க. இப்பத் தெரு நின்னுகினு கீது. பதில் சொல்லுங்க."

வீரபாகு தலைப்பாகையை இன்னொரு கக்கத்துக்கு மாற்றினார். கெட்டவரில்லை; யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறவர், அவ்வளவுதான். "தப்புதாம்மா. அந்த மோர்க்காரி பேச்சைக் கேட்டு... இன்னா செய்யணும்ன்றே, சொல்லு."

"நாங்க படவேடு போயி வர்ற வரைக்கும் இதை நீங்களே உங்க வூட்ல வெச்சிகினு பாத்துக்கோங்க. ஆரணியில ஜரிகையைப் பத்திரமா வெச்சிக்கத் தெரிஞ்சவரு உங்களை வுட்டா யாரு?"

தெரு மறுபடி சிரித்தது. முதலாளியால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. "சரி, போற வழியில எங்க ஊட்ல எறக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு விடுவிடென்று நடந்தார்.

பூனையை உள்ளே வைத்து மூடிய கூடை வண்டியில் ஏறியது. சுப்பராயலுவுக்கு ஒரே கவலை. பூனையின் மண்சட்டியையும், தண்ணீர்க் கிண்ணத்தையும், கருவாட்டுப் பொட்டலத்தையும் கூடைக்குள் வைக்க வேண்டும் என்று மூடியைத் திறந்தார். சட்டி போகுமா போகாதா என்று கமலத்தோடு ஒரு வாக்குவாதம். "இந்தச் சட்டி இல்லன்னா அது சாப்பிடாது", "மொதலாளி வூட்ல சட்டியா இல்ல?" என்று பேச்சு வளர்ந்து, முதலாளி வீட்டு வாசலே வந்துவிட்டது. சுப்பராயலு அவசரமாகக் கூடையை மூடிக் கட்டி, கனமான கூடையை இரண்டு கையாலும் தூக்கி வீரபாகுவின் கையில் கொடுத்தார்.

"விளக்கு வெக்கிற வரைக்கும் தெறக்கவே கூடாது மொதலாளி. தெறந்தா ஓடியாந்துடும். பாலு சூடா வெச்சா குடிக்காது. ஆறிப் போனாலும்..."

"சரிப்பா."

"கருவாட்டுல முள்ளு..."

"சரிப்பா, சரி!" பத்து வருஷமாக உத்தரவு போட்டுப் பழகின முதலாளி, அன்றைக்கு வாசலில் நின்று உத்தரவு கேட்டுக்கொண்டார்.

வண்டி ஆற்றுக்குள் இறங்கியது. முழங்கால் அளவுத் தண்ணீர். சுப்பராயலு இரண்டு பக்கமும் பார்த்தார். பின்னாலும் பார்த்தார். ஒரு பூனையும் இல்லை. அக்கரை ஏறியதும் கமலம் கையைத் தட்டிக்கொண்டு சிறுபெண் மாதிரி சிரித்தாள்.

"ஆரணியைத் தாண்டிட்டோம்! அய்யோ, தாண்டிட்டோம்ங்க!"

வழியில் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திக் கட்டுச்சோறு பிரித்தார்கள். தணிகாசலம் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"அண்ணி, கொஞ்சம் பாலு கெடைக்குமா?"

"பொங்கலுக்கு வெச்சிருக்கேன். உங்களுக்கா?"

"மாட்டுக்கு."

"மாட்டுக்குப் பாலா?"

"எளச்சுப் போச்சு அண்ணி. அஞ்சு தபா கெளம்பின மாடாச்சே."

கமலம் வாயில் கைவைத்துக்கொண்டாள். ஆனால் சந்தோஷத்தில் இருந்தவள், ஒரு தொன்னை நிறைய ஊற்றிக் கொடுத்தாள். தணிகாசலம் அதை எடுத்துக்கொண்டு மாடுகள் கட்டியிருந்த பக்கம் போகாமல், வண்டிக்குப் பின்பக்கம் வைக்கோல் திணித்திருந்த இடத்துக்குப் போனார். அதை யாரும் கவனிக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் படவேடு போய்ச் சேர்ந்து, சத்திரத்தில் தங்கி, மறுநாள் விடியக் குளித்துவிட்டுக் கோயில் வெளியில் அடுப்புக் கூட்டினார்கள். ஜவ்வாது மலைப்பக்கமிருந்து தூறல். விறகு நமுத்துப்போய்ப் புகைந்தது. சுற்றியிருந்த பானைகளெல்லாம் பொங்கிக் குலவைச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, கமலத்தின் பானை மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

"இன்னாங்க, பொங்க மாட்டேங்குது" என்றாள். முகம் வாடிவிட்டது. "அம்மன் இன்னும் ஏத்துக்கலியா? தறியைக் காப்பாத்தறவங்களை இட்டுகினு வர்றேன்னேன்..."

"நான்தான் வந்துட்டேனே" என்றார் சுப்பராயலு. "தறி என்னுது. அதைக் காப்பாத்தறவன் நான். வாசல்ல நிக்கறேன். இன்னும் இன்னா வேணுமாம்?"

அவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மோர்க்காரி சின்னம்மா வந்துகொண்டிருந்தாள். அவளும் வேறொரு வண்டியில் விடியற்காலை வந்து இறங்கியிருக்கிறாள். சுப்பராயலுவைக் கண்டதும் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"சேதி தெரியுமா அண்ணே? வீரபாகு மொதலாளி வூட்ல ஜரிகை காணாமப் போச்சாம்! நேத்து விளக்கு வெச்சிட்டுக் கூடையைத் தெறந்தாங்களாம். ஒரு சட்டிதான் கீதாம். தண்டோரா போட்டாச்சு. அதோட போச்சா? மொதலாளிக்குப் பித்துப் புடிச்சிடுச்சு அண்ணே! தலப்பா கூடக் கட்டாம, கையில ஒரு கிண்ணம் பாலை வெச்சிகினு, 'ஜரிகே, வாம்மா ஜரிகே'ன்னு தெருத்தெருவாக் கூப்புட்டுகினு போறாரு. பொருள் போனா மனுசனுக்கு இப்படியா ஆவும்!"

கமலத்துக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் சுப்பராயலுவுக்கு வரவில்லை. அவர் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சா? எங்க போயிருக்கும்? அதுக்கு நம்ம தெருவை வுட்டா வழி தெரியாதே கமலம்." அவர் உடனே எழுந்துவிட்டார். "சகுனம் பாத்துப் பாத்து அதைக் கூடையில போட்டு அடைச்சேனே. வண்டியைக் கட்டச் சொல்லு, போவலாம்."

"பொங்காம நான் நகர மாட்டேன்" என்றாள் கமலம். சொன்னாளே தவிர, அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. அந்தப் பூனை முதல் குட்டியை ஈன்றது அவள் மடியில்தான்.

"வண்டி எதுக்குண்ணே?" என்று பின்னால் தணிகாசலத்தின் குரல் கேட்டது.

திரும்பினார்கள். தணிகாசலத்தின் தோளில், உடம்பெல்லாம் வைக்கோல் ஒட்டியிருக்க, முதுகின் மஞ்சள் கோடு வெயிலே இல்லாத அந்தக் காலையிலும் மின்ன, ஜரிகை உட்கார்ந்துகொண்டு கொட்டாவி விட்டது. ஒரு தாவு தாவிக் கீழே குதித்தது. அம்மன் வாசலுக்கு நேராக நடந்து, அடுப்புக்கு முன்னால் வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

பானை பொங்கியது. நான்கு பக்கமும் நுரை வழிந்து அடுப்பே அணைந்துபோகிற மாதிரிப் பொங்கியது. கமலம் போட்ட குலவையில் பக்கத்து அடுப்புக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். சின்னம்மா பூனையைப் பார்த்தாள், சுப்பராயலுவைப் பார்த்தாள், "ஜரிகே!" என்று அவர் கத்தியதைக் கேட்டாள், மெல்ல நழுவிக் கூட்டத்துக்குள் மறைந்துபோனாள்.

"வைக்கோலுக்குள்ளயா இருந்துச்சு? பாலு கேட்டது இதுக்குத்தானா? ஏன்யா அப்பவே சொல்லல?" என்று சுப்பராயலு பாய்ந்தார்.

"சொன்னா வண்டியைத் திருப்பச் சொல்லுவீங்க. எம்மாடு செத்துடும் அண்ணே."

சுப்பராயலு பூனையை வாரி எடுத்து முகத்தோடு அணைத்துக்கொண்டார். அழுதுகொண்டே அதட்டினார். "ஏண்டி, பேஜாரு புடிச்சவளே! கெளம்பறப்பல்லாம் எனக்குக் குறுக்க குறுக்க வந்துட்டு, இப்ப இங்க வந்து நிக்கறியே!"

தணிகாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அது எங்கண்ணே குறுக்க வந்துச்சு? ஒவ்வொரு தபாவும் வண்டியில ஏறத்தான் வந்துச்சு. நீங்கதான் அதுக்குக் குறுக்க வந்தீங்க."